மாமியார் தொட்டியில் சிவப்பு ஸ்டிக்கர்

ப்ரோட் ஊரில் குப்பை வண்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு போன முதல் பெண்பிள்ளை தரிங்காதான். துணி ஆலை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். இவள் மட்டும், "ஊரான் வீட்டுக் கக்கூஸைக் கழுவுறதுக்குப் பதிலா என் ஊர்க் குப்பையை அள்ளிட்டுப் போறேன்" என்று ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! சிரித்தவர்கள் வீட்டுத் தொட்டியையும் அவள்தானே கொட்டினாள்.

மாமியார் யுஸ்தினா சிரிக்கவில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். லிண்டன் தெருவில் சுத்தம் என்றால் யுஸ்தினா. அவள் வீட்டு வாசற்படியில் ரொட்டியை வைத்து எடுத்துத் தின்னலாம். அவள் சன்னல் திரையைத் துவைத்தால் மறுநாள் தெரு முழுக்கத் திரை காயும். அப்பேர்ப்பட்டவளுக்குக் குப்பைக்காரி மருமகள்!

நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம் அது. ஆற்று வளைவில் இருந்த குப்பைமேடு நிரம்பிப்போனது, இனிமேல் அங்கே கொட்டவும் கூடாது. ஒன்று, ஆற்றங்கரையில் புகைபோக்கி கட்டி எல்லாவற்றையும் எரிக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்க வேண்டும். பிரித்துத்தான் பார்ப்போமே என்று ஊர் கிளம்பியது. காகிதம், கண்ணாடி எல்லாம் ஜோராக நடந்தது. தயிர் டப்பாவைக்கூடக் கழுவிக் காயவைத்துப் போட்டார்கள்.

இடித்தது பழுப்புத் தொட்டிதான். சமையல் கழிவு அதில் வெறுமனே விழ வேண்டும், அப்போதுதான் உரக்கிடங்கில் மக்கி மண்ணாகும். ஆனால் வண்டியைக் கவிழ்த்தால் பிளாஸ்டிக் பைகளாக உருண்டன. கிடங்குக்காரர் லோடைத் திருப்பி அனுப்பினார். மறுபடியும் அனுப்பினார். இன்னொரு தரம் திரும்பினால் இந்தத் திட்டமே வேண்டாம், புகைபோக்கிதான் என்று நகராட்சி சொல்லிவிட்டது.

சோம்பேறித்தனமா? அதுதான் இல்லை! எங்கள் பெண்களுக்குச் சுத்தப் பைத்தியம். தொட்டியின் உள்பக்கம் அழுக்காவதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உருளைக்கிழங்குத் தோலைப் பையில் போட்டு, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு, தொட்டிக்குள் அடுக்கி வைத்தார்கள். இதை ஆரம்பித்து வைத்த மகராசி யார் என்று தரிங்காவுக்கு நன்றாகவே தெரியும்.

தப்பாகப் போட்ட தொட்டியைக் கொட்டாமல், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வாசலிலேயே விட்டுவிடலாம் என்று வண்டிக்காரர்களுக்கு அதிகாரம் வந்தது. வந்ததும் வந்தது, லிண்டன் தெருவின் முறை மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாளா அமைய வேண்டும்? புது ஒயினைத் திறந்து, வாத்து வறுத்து, உறவுக்காரர்கள் எல்லாம் வந்து இறங்குகிற திருநாள் அது.

தரிங்கா மாமியார் வீட்டுத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே பையும் முடிச்சும்தான். வாசனைக்கு லாவெண்டர் கொத்து வேறு.

வண்டி ஓட்டுகிற ரூடி தலையை வெளியே நீட்டினான். "கண்ண மூடிட்டுக் கொட்டு தாயே! நாளைக்கு நீ அந்த வீட்டு மேசையிலதான் வாத்து திங்கணும்."

"மத்தவங்களுதுல ஒட்டிட்டு இதை மட்டும் கொட்டினா என்ன பேசுவாங்க?"

"ஊருக்குத்தான் உபதேசம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஊர் வாய் கடிக்காது, உன் மாமியார் கடிப்பாங்க."

தெருவில் சன்னல் திரைகள் அசைந்தன. இதைக் கொட்டினால் எல்லோரும் கொட்டச் சொல்வார்கள். லோடு திரும்பும், புகைபோக்கி எழும். ஸ்டிக்கரை உரித்து மூடியின் நடுவில் பளிச்சென்று ஒட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது. "ஏய்! என்னடி ஒட்டுற?"

"பையோட போட்டிருக்கீங்க அத்தை. எடுக்க முடியாது."

"என் தொட்டிக்குள்ள மூஞ்சி பாக்கலாம்டி! நாத்தம் உண்டா? ஒரு ஈ உண்டா?"

"இல்ல அத்தை. உங்க தொட்டி சுத்தமாத்தான் இருக்கு. மண்ணுதான் பாழாப் போகுது."

"நாளைக்கு என் தங்கச்சி மாரிபோர்லேர்ந்து வர்றா. இதை வாசல்ல வச்சுக்கிட்டு எந்த முகத்தோட கதவைத் திறப்பேன்? கிழிடி அதை! நீ வாழ வந்த வீடுடி இது!"

"வாழ வந்த வீடுங்கிறதாலதான் ஒட்டினேன். இதை விட்டுட்டு அடுத்த வீட்டுத் தொட்டியைத் தொட எனக்கு யோக்கியதை கிடையாது."

குரல் நடுங்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மறுநாள் விருந்தில் எல்லோருக்கும் தொடையும் நெஞ்சும் போனது, தரிங்கா தட்டில் வாத்தின் கழுத்து விழுந்தது. புருஷன் கொராஸ்ட் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் எந்த ஊர் ஆண்பிள்ளைதான் வாயைத் திறந்தான்? சிவப்பு ஸ்டிக்கரோடு தொட்டி வாரம் முழுக்க வாசலில் நின்றது. அந்தப் பக்கம் வேலையே இல்லாதவர்கள்கூட நடந்து போய்ப் பார்த்தார்கள்.

அடுத்த முறை வண்டி திரும்பியபோது யுஸ்தினா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தரிங்கா பயந்துகொண்டேதான் மூடியைத் திறந்தாள். முட்டைக்கோஸ் இலை, முட்டை ஓடு, வாத்து எலும்பு. ஒரு பை இல்லை. பழைய முடிச்சையெல்லாம் கிழவி தன் கையாலேயே அவிழ்த்துக் கொட்டியிருக்கிறாள்!

"என்ன முழிக்கிற? எதுத்த வீட்டு ஹெர்மினாவோடதைத் திற." திறந்தால் அடியில் ஒரு பை. "ஒட்டு! எனக்கொரு நியாயம், அவளுக்கொரு நியாயமா?"

ஹெர்மினா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து பையை உருவினாள். யுஸ்தினா வண்டிக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். அவளைப் பார்த்ததுமே தெருக்கோடி வரைக்கும் மூடிகள் திறந்தன, பைகள் வெளியே வந்தன.

உரக்கிடங்கில் ரூடி லோடைக் கவிழ்த்தான். கிடங்குக்காரர் கவைக்கோலால் இங்கே கிளறினார், அங்கே கிளறினார், குனிந்து பார்த்தார். "சரி, வச்சுட்டுப் போங்க" என்றார். அந்த நாற்றத்தின் நடுவில் நின்று தரிங்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். ரூடி ஊர் வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான்.

புகைபோக்கி வரவில்லை. குப்பை பிரிப்பதில் இன்றைக்கு எங்கள் குட்டி நாடு ஐரோப்பாவின் முன்வரிசையில் நிற்கிறது. பெருமை அடிக்காமல் என்ன செய்வது? போன வசந்தத்தில் ருமேனியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். இப்போது மேற்பார்வையாளராக இருக்கும் தரிங்காதான் தெருத்தெருவாகக் கூட்டிப் போனாள். லிண்டன் தெருவில் ஒரு அயர்லாந்துக்காரி மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டாள்: "இந்தத் தெருவுல உங்களை ரொம்பப் பாடுபடுத்தின வீடு எது?"

தரிங்கா தயங்கினாள். யாரைக் காட்டிக்கொடுப்பது?

கைத்தடியை ஊன்றிக்கொண்டு யுஸ்தினா கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். "என் வீடுதான்" என்றாள். "நல்லா எழுதிக்கோங்க. எனக்கே ஸ்டிக்கர் ஒட்டினவ, என் மருமக!"