மழைக்காலத்தில் எடுத்த அளவு

கார்த்திகை மாதத்தில்தான் அந்த இடத்தை முதலில் பார்த்தேன். சாயல்குடியைத் தாண்டி, கடற்கரைச் சாலையோரம், கீழே சாப்பாட்டுக் கடை, மாடியில் தங்குவதற்கு இரண்டு அறை. கடைக்கார பாய் வளைகுடாவில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். மின்சாரக் காருக்குச் சார்ஜர் வைக்க இடம் பார்த்து, எந்த வகை பொருந்தும் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை.

"இது ஓடுச்சுன்னா நான் திரும்பப் போக வேண்டியதில்ல தம்பி. பழைய மொதலாளி இன்னமும் போன் போட்டுக் கூப்புட்டுக்கிட்டே இருக்காரு," என்றார்.

அவர் கேட்டது மெதுவான வகை. மாடியில் தங்குகிறவர்கள் ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் எடுத்துக்கொண்டு போகட்டும் என்பது அவர் கணக்கு. நான் சிரித்தேன். "ராமேஸ்வரம் போற வண்டி இங்கன நிக்கணும்னா வேகமானதுதான் பாய். சாப்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள முக்கால்வாசி ஏறிடும்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "வெயில் காலத்துல இங்கன மிக்ஸியே சுத்தாது தம்பி. உப்பளத்துல மோட்டாரப் போட்டா லைட்டு அழுது வடியும்."

கையிலிருந்த மீட்டரைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். மூன்று ஃபேஸிலும் மின்னழுத்தம் கச்சிதமாக இருந்தது. படித்த திமிர், வேறென்ன. கார்த்திகையில் உப்பளமெல்லாம் மழைத்தண்ணீரில் கிடக்கும், மோட்டார்கள் ஓய்ந்திருக்கும். கமுதிக்காரனான எனக்கு மிளகாய்க் கொல்லை மோட்டார் தெரியும், உப்புக்கு எது பருவம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. "எல்லாம் சரியா இருக்குக்கா," என்று சொல்லிவிட்டு, வேகமான வகை என்று எழுதிக் கொடுத்தேன்.

தையில் சார்ஜர் வந்தது. பாய் அதற்குத் தகரக் கூரை போட்டு, தினமும் ஈரத்துணியால் உப்புக்காற்றின் பிசுபிசுப்பைத் துடைத்தார். மாசி வரை நன்றாகத்தான் ஓடியது. பங்குனியில் உப்பளப் பாத்திகளுக்கு நீர் இறைக்கத் தொடங்கினார்கள். காலை பத்து மணிக்கு மோட்டார்கள் ஓடினால் மின்னழுத்தம் விழும். வண்டியை மாட்டிய ஐந்தாவது நிமிடம் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜர் நின்றுவிடும். அவர் கேட்ட, கொஞ்சம் மின்சாரமே இழுக்கும் மெதுவான வகையாக இருந்திருந்தால், மோட்டார்கள் நின்ற பிறகு ராத்திரி முழுக்க நிம்மதியாக ஓடியிருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லத் தைரியமில்லை.

வந்து ஏமாந்தவர்கள் சார்ஜர் தேடும் செயலியில் 'வேலை செய்யவில்லை' என்று எழுதினார்கள். அதைப் பார்த்து மற்ற வண்டிகளும் நிற்காமல் போயின. பாய் முதலில் தினமும் போன் செய்தார். தனி டிரான்ஸ்ஃபார்மர் வந்தால் சரியாகிவிடும் என்றேன். "எத்தன மாசம் ஆகும் தம்பி?" என்று கேட்டார். பிறகு அவர் போன் செய்வதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறு கார்த்திகையில், சார்ஜரைக் கழற்றி வேறோர் இடத்துக்குக் கொண்டுபோக கம்பெனியில் என்னையே அனுப்பினார்கள். கடை பூட்டிக் கிடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த அக்கா மட்டும் கதவைத் திறந்து, வாங்க என்றார்.

கழற்றுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மீட்டரில் போன வருடம் பார்த்த அதே அளவு. பச்சை விளக்கு எரிந்தது.

"இப்ப ஓடுதா தம்பி?"

"ஓடுதுக்கா."

"அவுக ஆடியில பழைய மொதலாளிகிட்டயே திரும்பப் போனாக." போனை எடுத்து அந்தப் பச்சை விளக்குக்கு நேரே பிடித்தார். படம் எடுக்காமலே கையை இறக்கினார். "வேணாம். அங்கன இருந்துக்கிட்டு இதப் பாத்து என்ன செய்யப் போறாக."

நான் சுவிட்சை அணைத்தேன்.