வைப்பர் குதித்த மழைக்காலம்

மழையில் ஏதாவது ஒரு கார் என்னைத் தாண்டிப் போனால் நான் அதன் வைப்பரைத்தான் பார்ப்பேன். சத்தமில்லாமல் போய்த் திரும்பினால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். யாருடைய காராக இருந்தால் என்ன.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கார் ஓட்ட வருவதற்கு முன் திருவள்ளூர் ரயிலடியில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். ஓட்டுவது கஷ்டமில்லை, கூவுவதுதான் கஷ்டம். ரயில் வந்து நின்று ஜனம் வெளியே வந்ததும் எல்லா டிரைவர்களும் "மணவாள நகர், மணவாள நகர், ஒரு ஆளு, ஒரே ஆளு" என்று கத்துவார்கள். எனக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பக்கத்து ஆட்டோக்காரன் சிரிப்பான். "இன்னாபா, நீ கண்ண காட்னா ஜனம் ஓடியாந்து குந்திக்குமா? கொஞ்சம் வாயத் தொற." அவன் மூன்று முறை நிரப்பிப் போய் வருவதற்குள் நான் ஒருமுறை போயிருப்பேன்.

அதனால்தான் மேடத்தின் காரை ஓட்டும் வேலை கிடைத்தபோது, இனி ஆயுசுக்கும் இது போதும் என்று நினைத்தேன். மேடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பு இரும்புக் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தார். வீடு மணவாள நகரில். கணவர் புனேவில் வேலை பார்த்தார். வீட்டில் மாமியாரும் ஒரு கைக்குழந்தையும். குழந்தை ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்கும் ரகம். அதனால் மேடம் தூங்குவது காரில்தான். முக்கியமாக சாயந்தரம் திரும்பி வரும்போது. சிப்காட் கேட்டைத் தாண்டியதும் தலையைச் சாய்த்துக்கொள்வார். கவரைப்பேட்டை, புதுவாயல், ஆரணி, பெரியபாளையம் எதுவும் அவருக்குத் தெரியாது. வீட்டு வாசலில் இஞ்சின் நின்றதும் தானாகக் கண் விழித்து, "தேங்க்ஸ் அண்ணே" என்று சொல்லி இறங்கிப் போவார். ஒரு நாளைக்கு எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. என்னைப் போல ஒருவனுக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

அந்த வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடத்தின் கணவர் லீவில் வந்தார். வரும்போது ஒரு சின்ன பாட்டில் மருந்து கொண்டுவந்திருந்தார். கார் கண்ணாடியில் தடவினால் மழைத்தண்ணீர் ஒட்டாதாம். ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைக்கூடத் தொடவிடாமல், அவரே முன்கண்ணாடி முழுக்கத் தடவினார். தலைக்கு எண்ணெய் வைப்பது போல நிறையவே வைத்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றிக் காட்டினார். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவது போலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. மாமியார் கைதட்டினார். குழந்தை சிரித்தது. மேடத்துக்கும் பெருமை. பாட்டிலில் மீதி இருந்ததை டேஷ்போர்டில் வைத்துவிட்டு அவர் புனேவுக்குப் போய்விட்டார்.

மழை பிடித்தது. முதல் நாள் சாயந்தரம் கம்பெனியிலிருந்து கிளம்பி வைப்பரைப் போட்டேன். 'டர்ர்ர்' என்றது. போகும்போது சும்மா போனது. திரும்பும்போது கண்ணாடிமேல் தத்தித் தத்தி, பல்லை நறநறவென்று கடிப்பது போல வந்தது. பின்சீட்டில் மேடம் கண்ணைத் திறந்தார். நான் வைப்பரை நிறுத்தினேன். சரியான மழையில் முத்து உருண்டு ஓடும், சரிதான். ஆனால் லாரிகள் அடிக்கும் சேற்றுத் தண்ணீர் ஓடாது. மறுபடி போட்டேன். மறுபடி டர்ர்ர். வீடு வந்து சேரும்வரை அவர் தூங்கவே இல்லை.

மறுநாள் புது ரப்பர் வாங்கிப் போட்டேன். காலையில் போகும்போது ஓரளவு தேவலை. சாயந்தரம் பழையபடி டர்ர்ர். ரப்பர்தான் மட்டம் என்று வேறொரு ரப்பர் போட்டேன். அதுவும் காலையில் கொஞ்சம் அடங்கி, சாயந்தரம் ஆடியது. எனக்குப் பேஜாராகப் போய்விட்டது.

கம்பெனியில் டிரைவர்களுக்கென்று தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே என் வண்டிதான் அந்த வாரப் பேச்சு. "நம்மாளு பேசறதேயில்ல, அதான் அவர் வண்டி அவருக்கும் சேத்துப் பேசுது" என்றான் ஒருவன். புகையிலையைக் கசக்கித் தேய்த்தால் தண்ணீர் வழுக்கும் என்றான் லாரி ஓட்டிப் பழகிய இன்னொருவன். தேய்த்துப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு தீற்று விழுந்ததுதான் மிச்சம்.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு சாயந்தரம் பெரியபாளையம் பக்கம் வரும்போது மேடம் போனில் கணவரிடம் பேசினார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் காருக்குள் எவ்வளவு மெதுவாகப் பேச முடியும்?

"கண்ணாடியா? சூப்பரா இருக்கு, தண்ணியே நிக்கல... இல்லப்பா, தூக்கம்தான். கார்ல முன்ன மாதிரி தூங்க முடியல. தல வலிக்குது. பேசாம கும்மிடிப்பூண்டியிலயே ஒரு வீடு பாத்துடலாம்னு தோணுது. நடந்தே போயிடலாம், காரே வேணாம்."

காரே வேண்டாம் என்றால் டிரைவர் எதற்கு? ரயிலடியும் "ஒரு ஆளு, ஒரே ஆளு"வும் ஞாபகத்துக்கு வந்தன. கணவர் மனசு நோகக்கூடாது என்று மேடம் அந்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்படி இருக்கும்போது நான் அந்த மருந்தைச் சுரண்டி எடுக்க முடியுமா? அது இருக்கவும் வேண்டும், சத்தம் போகவும் வேண்டும். யாரிடம் கேட்பது என்பதைவிட எப்படி வாயைத் திறந்து கேட்பது என்பதுதான் என் கவலை.

கும்மிடிப்பூண்டி பஜாரில் கார் கண்ணாடிக்கு வெயில் ஃபிலிம் ஒட்டும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் பழவேற்காட்டு பாய், என் வயசுதான் இருக்கும். மறுநாள் மத்தியானம் காரைக் கொண்டுபோய் அவர் கடை முன்னால் நிறுத்தினேன். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து வைப்பரைப் போட்டுக் காட்டினேன்.

பாய் ஒரு ஓரமாக நின்று பார்த்தார். "இன்னாங்க, ஊமையா நீங்க?" என்று சிரித்தார். "பரவால்ல, வண்டி சொல்லிச்சு."

கண்ணாடியில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். "கிருஷ்ணாயில் வாசன வருதே. கண்ணாடிக்கு யாரு கிருஷ்ணாயில் போட்டது?"

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது.

எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம். சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கரி எந்நேரமும் பறந்துவந்து வண்டிமேல் உட்காரும். வெறும் தண்ணீருக்குப் போகாது. அதனால் யாருக்கு முதலில் வேலை ஓய்கிறதோ அவர், பனியன் வேஸ்ட் துணியில் கிருஷ்ணாயிலைத் தொட்டு, வரிசையில் நிற்கும் எல்லா வண்டிகளையும் துடைத்துவிடுவார். உன் வண்டி என் வண்டி என்று கிடையாது. பெரும்பாலும் அந்த வேலையைச் செய்தவர் மேனேஜர் வண்டி ஓட்டும் எளாவூர்க்காரர். எனக்கு மூத்தவர், எல்லாரையும் நைனா என்று கூப்பிடுகிறவர். ரேஷன் கிருஷ்ணாயிலைப் பாட்டிலில் தன் வீட்டிலிருந்தே கொண்டுவருவார். மத்தியானத்தில் அவர் துடைப்பார், சாயந்தரம் வைப்பர் குதிக்கும். காலையில் நான் ஷாம்பு போட்டுக் கழுவுவதால் கொஞ்சம் அடங்கும். இவ்வளவுதான் விஷயம்.

இதை அரைகுறையாகச் சொன்னேன். பாய் தலையாட்டினார். "சும்மா கண்ணாடின்னா தண்ணி பரவலா நிக்கும், ரப்பர் அதுமேல சறுக்கிகினு போவும். இதுல மருந்து இருக்கு, தண்ணி உருண்டு ஓடிடுது. ரப்பருக்குக் கீழ ஈரமே இல்ல. அதுக்கு மேல எண்ணெயும் கரியும் பூசினா? பிசுபிசுன்னு புடிச்சிக்கும், விட்டுடும், புடிச்சிக்கும், விட்டுடும். அதான் குதிக்குது."

"மருந்த எடுக்கக் கூடாது" என்றேன். அன்றைக்கு நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"எடுத்துட்டுத்தான் திரும்ப வெக்கணும். மீதி இருக்கில்ல? நிறைய வெச்சிட்டாரு ஆசையா வெச்சவரு. கொஞ்சமா வெச்சி, காய விட்டு, நல்லாத் தொடச்சிடணும். கண்ணாடில மருந்து இருக்கறதே கண்ணுக்குத் தெரியக் கூடாது."

இரண்டு பேருமாகச் செய்தோம். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு மருந்துக் கடை ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு மூலை முடுக்கெல்லாம். துணி கறுப்பாக வந்தது. வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைத்தோம். வைப்பர் ரப்பரின் நுனியையும் ஸ்பிரிட்டில் துடைத்தார். பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு, இன்னும் இரண்டு சொட்டு என்று நான் தேய்த்தேன். பிறகு காய்ந்த துணியால் கீச் கீச் என்று சத்தம் வரும்வரை அழுத்தித் துடைத்தேன்.

தண்ணீர் தெளித்துப் போட்டுப் பார்த்தோம். சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் திரும்பும்போது லேசாக ஒரு நடுக்கம் பாக்கி இருந்தது. பாய் குனிந்து, கண்ணாடியோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். "கையி கோணி நிக்குது, பாருங்க. ரப்பர் ரெண்டு பக்கமும் சாயணும். போவும்போது பின்னாடி படுத்துகினு போவுது, சரி. வரும்போது படுக்க மாட்டேங்குது, முட்டிகினு வருது." வைப்பர் கையின் அடியில் துணி சுற்றி, ஸ்பேனரால் பிடித்து ஒரு நூல் அளவு முறுக்கினார். ரப்பர் கண்ணாடிமேல் நேராக நின்றது. தண்ணீர் தெளித்தேன். போனது. வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பஜார் சத்தம்தான் கேட்டது.

"தூறலுக்கெல்லாம் ஓட விட்டுகினே இருக்காதீங்க, தேவைக்கு ஒரு தட்டு தட்டுங்க, போதும்" என்றார் பாய். "அந்தக் கிருஷ்ணாயில்காரருக்கு சொல்லிடுங்க. இல்லாங்காட்டி நாளைக்கே திரும்ப வந்து நிப்பீங்க."

அதுதான் எனக்கு மலை போல இருந்தது. எனக்காக ஒருவர் கடமை போலச் செய்துவரும் உதவி. அதைச் செய்யாதே என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காரை வரிசையில் விடாமல் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் விட்டேன். அதற்கு அடுத்த நாளும் அங்கேயே விட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு காருக்குள்ளேயே உட்கார்ந்து காவல் காத்தேன். எளாவூர்க்காரர் கையில் பாட்டிலோடும் வேஸ்டோடும் மரத்தடிக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, நம்ம கை பட்டா ஒன் வண்டி தேஞ்சிடுமா? ரெண்டு நாளா மூஞ்சியே காட்ட மாட்டேங்கிற."

அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. மருந்து, பாய், மேடத்தின் தூக்கம், கும்மிடிப்பூண்டியில் வீடு, ரயிலடி எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவ்வளவு நேரம் நான் அந்தக் கம்பெனியில் பேசியதே இல்லை.

அவர் கேட்டுவிட்டு வேஸ்டால் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "அட, இதுக்கா ஓடி ஒளிஞ்சிகினு இருந்த? நா ஒன் ஊட்ல ஏதோ சண்டைன்னு நெனச்சிகினு இருக்கேன்! சொல்றதுக்கு இன்னா நைனா? நா என்னா கிருஷ்ணாயில் கம்பெனியா நடத்துறேன்?"

நேராகக் கொட்டகைக்குப் போய், எனக்கு எட்டாத அந்தக் குரலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்த வெள்ள வண்டி கண்ணாடில எவனாவது கிருஷ்ணாயில் வெச்சான், பாட்டில அவன் வாயில கவுத்துடுவேன். பாடிய மட்டும் தொடைங்க!" யாரோ விசிலடித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. காரை வரிசைக்கே கொண்டுவந்து விட்டேன். அவர் கதவு, பானெட், டிக்கி என்று துடைத்துக்கொண்டே வந்து, கண்ணாடி வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போனார்.

இரண்டு நாளாக வெறும் தூறல்தான். அன்றைக்கு சாயந்தரம்தான் நல்ல மழை. சிப்காட் கேட்டைத் தாண்டி வைப்பரைப் போட்டேன். கவரைப்பேட்டை வரும்வரை என் காது அதன்மேலேயே இருந்தது. வைப்பர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. எதிரே லாரி சேற்றை வாரி அடித்தது. ஒரு தட்டில் துடைத்துவிட்டது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மேடம் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மணவாள நகர் வந்து வாசலில் இஞ்சினை நிறுத்தினேன். வழக்கமாக அந்தச் சத்தம் நின்றதும் எழுந்துவிடுவார். அன்றைக்கு எழவில்லை. ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. 'மேடம்' என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கூப்பிட்டுப் பார்த்தேன், எனக்கே கேட்கவில்லை. இருமினேன். அதற்கும் எழவில்லை.

வாசலில் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடையோடு வந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மருமகள் தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போய்விட்டார்.

நான் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். மழைத்தண்ணீர் கண்ணாடியில் முத்து முத்தாக உருண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. வைப்பருக்கு வேலையே இல்லை. யாரும் பேச வேண்டிய அவசியமும் இல்லை.