முதல் மழையில் உடைந்த கூரைகள்

அவளை எல்லோரும் 'மூச்சுக்காரி' என்றே கூப்பிட்டார்கள். புல்வெளி மண் எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று அளப்பதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. மண்ணில் பாதி புதைத்த வளையத்தின் மேல் மூடியைக் கவிழ்ப்பாள், குழாய் வழியே காற்று அளவுப் பெட்டிக்குள் போகும், அதில் எண் தெரியும். "மண்ணுக்கு மூச்சு பாக்கிறவ, என் இருமலக் கண்டுக்க மாட்டேங்கிறா" என்று குறைப்பட்டுக்கொள்வான் புருஷன். அதே ஆராய்ச்சி நிலையத்தில் ஜீப் ஓட்டுகிறவன்.

அந்த வருடம் மழை பொய்த்தது. மழை குறைந்தால் மண் என்ன செய்யும் என்று பார்க்க, நிலையம் ஆறு இடங்களில் பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தது. பன்னிரண்டு மாடுகளைப் பறிகொடுத்த ஒரு மேய்ப்பனுக்கு, அந்தக் கூரைகள்தான் மழையை விரட்டுகின்றன என்று தோன்றிவிட்டது.

வானம் கறுத்த ஒரு பிற்பகலில் கடப்பாரையோடு வந்தான். முதல் கூரை நொறுங்கியது. அவள் குறுக்கே போய் நின்றாள்.

"நிறுத்துங்கண்ணே! இது கீழ இருக்கிற மண்ணத்தான் மறைக்குது. மேகத்த என்ன பண்ணும்?"

"பன்னெண்டு உசிரு போச்சு. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கடப்பாரை அவள் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவள் உடைந்த கூரைக் கம்பியைப் பிடுங்கி அவன் முழங்காலில் வீசினாள். அவன் அலறிக்கொண்டு அவள் மேல் விழுந்து கழுத்தை நெரித்தான். அவளுக்குக் கண் இருட்டியபோது ஜீப்பிலிருந்து புருஷன் ஓடி வந்தான். மேய்ப்பனை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு, வெறி பிடித்தவன் போல் விலாவில் மிதித்தான்.

"விடுய்யா, செத்துடுவான்!" என்று கத்தினாள் அவள்.

அப்போதுதான் மழை கொட்டியது. புருஷன் மேய்ப்பனின் கைகளைக் கயிற்றால் கட்டினான். அவள் கூரையில்லாத வளையம் ஒன்றை நோக்கித் தவழ்ந்து போனாள்.

"பைத்தியமா உனக்கு? கை தொங்குது!"

"காஞ்ச மண்ணு நனைஞ்சதும் உள்ள இருக்கிற நுண்ணுயிரெல்லாம் ஒரேயடியா மூச்சு விடும். இப்ப அளக்காம விட்டா அப்புறம் அடங்கிடும்."

ஒற்றைக் கையால் மூடியைக் கவிழ்த்தாள். எண் ஏறிக்கொண்டே போய், காலையில் பார்த்ததைப்போல் ஏழு மடங்கில் நின்றது. அதைக் குறித்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னாள், புருஷன் மிதித்தது உட்பட. மேய்ப்பனுக்கு ஒன்றரை வருடம் சிறை, புருஷனுக்கு அபராதம். அவள் மேய்ப்பனை மன்னிக்கவில்லை. ஆனால் புதுக் கூரைகளை மாடு மேயும் பாதையிலிருந்து தள்ளிப் போட வைத்தாள். இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்புவதில்லை. தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுவது புருஷன்தான், கோணலாக.