லயத்து வாசலில் கட்டிய கார்

என் கணவர் இறந்த மூன்றாம் மாதம், தலவாக்கலை டவுனில் அவர் நடத்திய கராஜைக் காலி செய்து தரச் சொன்னார்கள். உள்ளே ஒரு பழைய சின்னக் கார் அக்கக்காகக் கழற்றிக் கிடந்தது. ஒரு காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டியது. அதை மறுபடி ஓட வைத்து, தன் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பழைய இரும்பு எடுப்பவர் லொறியோடு வந்து நின்றார்.

"எடை போட்டு எடுத்துக்கிறேங்க. பொம்பளைக்கு எதுக்குங்க இந்தத் தொல்லை?"

அதுவரை கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு நட்டுகூடத் தர மாட்டேன், போயிட்டு வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான், இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற யோசனையே வந்தது.

வைக்க ஒரே இடம், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்து வாசல்தான். வீட்டில் அத்தைக்கு, அதாவது அவர் அம்மாவுக்கு, இருதயம் பலவீனம். இரண்டு காலிலும் நீர் கோத்து, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் டவுனில் உட்கார முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் இரண்டு மாதமாக இருந்தது. அத்தை போக மறுத்தார்.

அதற்குக் காரணம் உண்டு. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் லயத்துக்கு ரோடு கிடையாது. கீழே தோட்டத்து ரோட்டிலிருந்து தேயிலை நடுவே கல் படிக்கட்டு ஏறி வர வேண்டும். நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியைக் கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். என் கணவருக்கு நெஞ்சு அடைத்த அன்று மழை. அப்படித்தான் தூக்கிப் போனோம். ரோட்டோரத்துச் சவுக்கு மரத்தடியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்குக் காத்திருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. பின்னாலேயே இறங்கி வந்த அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவர் கால் வீங்கியபோது, "கம்பளியில போனவன் திரும்பல. என்னைய ஒருத்தரும் தூக்கக் கூடாது. செத்தாலும் இங்கயே சாவறேன்" என்று சொல்லிவிட்டார். நாற்காலியில் தூக்கலாமா என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

ஆகவே கார் படியேறியது. எஞ்சினை மூங்கிலில் கட்டி நாலு பேர் கொண்டுவந்தார்கள். வெறும் கூட்டை எட்டுப் பேர் சாய்த்துப் பிடித்துத் தூக்கினார்கள். மீதியைக் கொழுந்துக் கூடையில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி நானே சுமந்தேன். அரிசி மூட்டை, கட்டில், பிரிட்ஜ் எல்லாமே அப்படித்தான் எங்கள் லயத்துக்கு வருகின்றன. ஆகவே யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

கராஜில் என் கணவருக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தும், மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவியும் எனக்குப் பாதி வேலை தெரியும். மீதியைக் கெடுத்துத்தான் கற்றேன். கார்பரேட்டரை மூன்று முறை பூட்டினேன். மூன்று முறையும் ஏதாவது ஒரு சாமான் கையில் மிஞ்சியது. மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை காரடியில் இடுப்பில் கட்டும் படங்கை விரித்துப் படுத்துக்கொள்வேன். அத்தை வாசல்படியில் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் என் கணவரைப் பற்றிப் பேச மாட்டோம்.

செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் எனக்குள் இறங்கவில்லை. "காலம் ஆத்தும்" என்றவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வந்தது. ஆனால் துருப்பிடித்த ஒரு போல்ட் அரை மணி நேரம் மல்லுக்கட்டி அசைந்து கொடுத்தால், அன்று இரவு தூக்கம் வந்தது. அசையாத நாட்களில் காரடியிலேயே அழுதேன். போல்டுக்காகத்தான் அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கு இனி நான் செய்ய எதுவும் இல்லை, ஆனால் இந்தக் காருக்கு நாளைக்கும் ஏதாவது செய்யலாம். அந்த ஒரு நினைப்பில்தான் காலையில் எழுந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனேன்.

கார் படியேறிய ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் பிடித்தது. இருமியது, புகையைக் கக்கியது, பிறகு ஒரே சீராக ஓடியது. மொத்த லயமும் வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் உடைத்தாள். நான் மிதப்பில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, படிக்கட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டி ஓடுது. சரி. கீழ எப்படிப் போவும்?"

ஏழு மாதத்தில் லயத்தில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சாமான்கள் மேலே வருவதைப் பார்த்தே பழகிய சனம் நாங்கள். தானாக இறங்கிப் போக வேண்டிய சாமான் எதுவும் அதற்கு முன் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. நானும் யோசிக்கவில்லை. 

"திரும்பக் கழட்டி இறக்கிடலாம்" என்றார் ஒருவர். கழற்றிப் பூட்ட இன்னும் பல மாதம் ஆகும். அத்தைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் முந்தின நாள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லியிருந்தார்.

வாசல்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏன்டா, மாரியம்மன் தேரு மட்டும் எப்படிடா இறங்குது?"

கோயில் லயத்துக்கு மேலே இருக்கிறது. திருவிழாவில் தேர் அந்தப் படி வழியாகத்தான் இறங்கும். படிகளை அகலமாகக் கட்டியதே அதற்காகத்தான். படிமேல் பலகை போட்டு, பின்னால் வடத்தைப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து இறக்குவார்கள். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அதானே" என்றார்.

"நான் உள்ள உக்காந்துக்கிறேன்" என்றார் அத்தை.

"வேணாம் ஆயா. மொதல்ல வெறும் வண்டிய இறக்கிட்டு..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"அப்புறம் என்னைய தூக்குவீங்க. அதெல்லாம் நடக்காது. நான் காருலதான் போவேன்."

தலைவர் ஆட்களைக் கோயிலுக்கு அனுப்பினார். கோயிலிலிருந்து தேர்வடமும் பலகைகளும் வந்தன. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, தானே நடந்து வந்து முன்சீட்டில் ஏறினார். நான் பிரேக்கில் காலை ஊன்றி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பின்னால் வடத்தில் இருபது பேர் இருந்தார்கள். கீழே தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒரு தேயிலைச் செடியையும் மிதிக்கக் கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் ஒரு பலகை வழுக்கி, கார் என் பக்கமாகச் சாய்ந்தது.  கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வடம் பிடித்தவர்கள் மல்லாக்கச் சாய்ந்து கிடந்தார்கள். என் கணவரைக் கம்பளியில் தூக்கிய நாலு பேரும் அந்த வடத்தில்தான் இருந்தார்கள்.

"முன்னால பாரு புள்ள" என்றார் அத்தை.

முட்டுக்கட்டை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பலகையைச் சரிசெய்தார்கள். முன்சக்கரம் ரோட்டில் பட்டதும், பழக்கதோஷத்தில் யாரோ "அரோகரா" என்றார்கள். உடனே மலையே அரோகரா போட்டது. நான் சாவியைத் திருப்பினேன். முதல் முறையே எஞ்சின் பிடித்தது.

சவுக்கு மரத்தைக் கடக்கும்போது எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு கியரை மாற்றினேன். அழுதேன்தான், ஆனால் அவர் இறந்த பிறகு அன்றுதான் முதல்முறையாக நெஞ்சு நிறையச் சந்தோஷமாக இருந்தது. கார் ஏற்றத்தில் முனகாமல் ஏறியது.

அத்தையைப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நீர் வடிந்து கால் பழைய கால் ஆனது. திரும்பி வந்த அன்று காரைக் கீழே ரோட்டோரத்திலேயே விட்டேன். அத்தை ஐந்து படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து தானே ஏறினார். கை கொடுக்கப் போனவர்களுக்கெல்லாம் திட்டு விழுந்தது.

அடுத்த கிளினிக் நாளன்று காலையில், கிளினிக் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் வீட்டில் அத்தையைக் காணோம். பதறி வாசலுக்கு ஓடினேன். கீழே ரோட்டிலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. முன்சீட்டில் புதுச்சேலையோடு உட்கார்ந்து, கையை எட்டி விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். தனியாக அத்தனை படியும் இறங்கியிருக்கிறார். படியிறங்கி ஓடி, திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே கார் கதவைத் திறந்தேன்.

"எம்புட்டு நேரம் புள்ள உக்காந்திருக்கிறது? டாக்டரு போயிருவாரு. வண்டிய எடு" என்றார்.

எடுத்தேன்.