நாற்பத்திரண்டு துடிப்பு

தொண்ணூறுகளின் இறுதியில் கோவையில் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். இதயத் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் தேவைப்பட்டது. கடையில் புதிது ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். பழையது விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு சோமனூருக்கும் போனேன்.

விற்பவர் ஓர் ஓட்டக்காரரின் மனைவி. கணவர் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒல்லியான கையில் அந்தப் பெரிய கடிகாரத்தைக் கட்டியிருந்தார். அது நழுவ நழுவ, முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டபடியே பேசினார்.

“நெஞ்சுல கட்டற பட்டை எங்கீங்க? அது பக்கத்துல இருந்தாத்தானுங்க இதுல துடிப்பு தெரியும்,” என்றேன்.

“அதை அவரு நெஞ்சுல கட்டியே பெட்டியில வெச்சுப்போட்டோமுங்க. கல்லறைத் தோட்டம் ஊருக்கு அந்தப் பக்கமுங்க.”

கடிகாரத்தைக் கழற்றித் தந்தார். திரையில் 42 என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 43 ஆகி, மறுபடி 42 ஆனது. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

“எத்தனைங்க காட்டுது?”

“நாப்பத்திரெண்டுங்க.”

“உங்களுக்கும் தெரியுதுங்களா?” என்றார் மெதுவாக. “சும்மா உக்காந்திருக்கறப்ப அவருக்கு அவ்வளவுதானுங்க.”

பிறகு கை நீட்டிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். “விக்கலீங்க. உங்களை அலைய வெச்சுப்போட்டேன்.”

நான் கடையிலேயே வாங்கினேன். அதைக் கட்டிக்கொண்டு எங்கெங்கோ ஓடியிருக்கிறேன். அந்த ஊர்ப் பக்கம் மட்டும் ஓடியதில்லை.