பேரைக் கேட்டால் தலையாட்டாதீர்கள்

முதலில் வலித்தது கெண்டைக்கால். எங்கள் வீட்டுக்காரர் மெர்போக் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறவர். கால் வலி அவருக்குப் புதிதா என்ன? தைலம் தேய்த்துவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி, கண் இரண்டும் சிவந்துபோனது. அப்போதுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

லெப்டோ (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல்) என்றார் டாக்டர். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது, ஆனாலும் மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்றார். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு, "வீட்டுக்குப் போனதும் கருவாட்டுக் குழம்பு வைலா" என்றார். பிழைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் ஒருவரை வார்டில் படுக்க வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டில்காரருக்கும் இவருக்கும் ஒரே பெயர், தகப்பன் பெயர்தான் வேறு. அந்த மனிதர் சர்க்கரை நோயாளி, கால் புண்ணுக்காக வந்தவர். இவர் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையை, கை வீங்கிவிட்டதென்று முந்தின நாள் வெட்டி எடுத்திருந்தார்கள். புதிதாகக் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு மலாய் மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தட்டில் ஊசியோடு வந்தாள். சின்னப் பெண். அன்று அந்த வார்டு முழுக்க அவளும் இன்னொருத்தியும்தான். இவர் கண்ணயர்ந்திருந்தார். "ஆன்ட்டி, இவர் பேர் என்ன?" என்று மலாயில் கேட்டாள்.

எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை. யார் கேட்டாலும் அவருடைய ஐசியை (அடையாள அட்டை) எடுத்து நீட்டிவிடுவேன். அன்று ஐசி, ஏதோ பாரம் (படிவம்) நிரப்புவதற்காக மகளோடு அலோர் ஸ்டார் போயிருந்தது. நான் சிரித்து மழுப்பினேன். மிஸ்ஸி கையிலிருந்த தாளைப் பார்த்து, "மாரிமுத்து?" என்றாள்.

தலையாட்டினேன். தகப்பன் பேரை அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

போட்டது பக்கத்துக் கட்டில்காரருக்கான இன்சுலின் (இரத்தச் சர்க்கரையை இறக்கும் ஊசி). இவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது, அன்று சாப்பிடவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. காய்ச்சல் விடுகிறது என்று சந்தோஷப்பட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள் நான். தூங்கட்டும் என்று யாரையும் கூப்பிடவும் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் வலிப்பு வந்தது.

ஐசியு வாசலில் டாக்டர் சொன்னார்: "சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது. மூளைக்குச் சத்துப் போகவில்லை. கண் விழித்தால்தான் எவ்வளவு பாதிப்பென்று தெரியும்." ஏன் இறங்கியது என்று கேட்டேன். விசாரிக்கிறோம் என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள், எங்களைத் தாண்டிப் போன எல்லோரும் தரையைப் பார்த்தே போனார்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே தலைமை நர்ஸோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, வேறொருவருக்குரிய ஊசியை நான் அங்கிளுக்குப் போட்டுவிட்டேன். கைப்பட்டை இல்லாமல் போட்டிருக்கவே கூடாது. தப்பு என்னுடையது" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் இருந்தது. அறையவில்லை. "நான் தலையாட்டினேனே" என்றேன். பேர் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை என்று விளக்கினேன். "எனக்கு அது தெரியாது ஆன்ட்டி. தெரியாவிட்டாலும் கேட்டு முடிக்க வேண்டியது என் வேலை" என்றாள். அழுதேன். அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் என்னை ஒரு மனுஷியாக மதித்து உண்மை சொன்னது அவள்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆகவே சொல்கிறேன். பேரைக் கேட்டால் வாய் திறந்து முழுப்பேரையும் தகப்பன் பேரோடு சொல்லுங்கள். இது என்ன ஊசி, எதற்கு என்று கேளுங்கள். மிஸ்ஸி முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். மரியாதையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வீட்டில் இருக்கிறார். சிறுநீரகம் தேறிவிட்டது. ஞாபகம்தான் தேறவில்லை. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்குத் தெரியாது. உடம்பு பழைய உடம்புதான், குலை வெட்டிய தோள் அப்படியே இருக்கிறது. நாள்தான் அவரிடம் தங்குவதில்லை. எனக்கோ அந்த ஒரு மத்தியானம் இன்னும் முடியவில்லை. அவருக்குக் கொஞ்சம் வேர்த்தாலும் சீனித் தண்ணீர் கரைக்க ஓடுகிறேன்.

மாதம் ஒரு தடவை கிளினிக் போகிறோம். முதல் தடவை அங்கே பேரைக் கேட்டபோது அவர் திருதிருவென்று விழித்தார். "மாரிமுத்து, தகப்பன் பேர் பெரியசாமி" என்று நான் சத்தமாகச் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் முகம் விட்டுச் சிரித்தார். "ஏய், புருஷன் பேரைச் சொல்லிட்டியேலா!" என்றார். எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தது. மனுஷன் உள்ளேதான் இருக்கிறார் என்று நம்பினேன்.

அடுத்த மாதமும் சொன்னேன். அதே சிரிப்பு, அதே வார்த்தை. இந்த மாதமும் அப்படியே. அவருக்கு ஒவ்வொரு தடவையும் நான் முதல் தடவையாகத்தான் சொல்கிறேன்.