தொப்பிக்குக் கற்பூரம்

உலகத்தில் தொப்பி வைத்த தலை எதுவும் கடைசியில் ஊர்காவற்றுறை எமிலியானுஸுக்குத் தப்பாது. கப்பல் கப்பித்தான்மார், துரைமார், மேற்றிராணி ஆயர்மார் எல்லாரும் அவருக்குக் கொடுப்பதற்காகவே தொப்பி வைத்தார்கள். இங்கிலாந்து அரண்மனை முடி ஒன்றுதான் பாக்கி. அதுவும் கொழும்புவரை வந்துவிட்டதாகக் கேள்வி. கோயிலடியில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கேட்கும்போதெல்லாம் அவருடைய தம்பி அம்புறோஸுக்குக் காது கொதிக்கும்.

எமிலியானுஸ் கடலுக்குப் போகிற மனிதர். வெள்ளைக்காரர் மூட்டை கட்டிய காலத்தில் சுங்கத் துரை ஒருவரைத் தன் வள்ளத்தில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிவிட்டார். துரை ஏறிவிட்டார், அவருடைய வெள்ளை நெட்டித் தொப்பி வள்ளத்திலேயே கிடந்தது. அதோடு பிடித்த பைத்தியம். பிறகு பழைய வளவு வீடுகளில் யார் பெட்டி துப்புரவாக்கினாலும் கருவாட்டோடு போய் நிற்பார், தொப்பியோடு திரும்புவார். கிண்ணம் கவிழ்த்ததுபோல ஒன்று, சுவாமியாரின் வட்டத் தொப்பி, எந்தத் துரைசாணியோ போட்டுப் பூ உதிர்ந்துபோன வைக்கோல் தொப்பி. உள்ளே ஓடுகிற தோல் வாரை மோந்து, வேர்வைக் கறையைத் தடவி, இது குதிரையில் திரிந்தவன், இது கந்தோர் மேசையில் எழுதிக்கொண்டு இருந்தவன் என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து காரில் ஆட்கள் வந்து, கதிரையில் இருந்து, வாய் பிளந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குச் சோடா வாங்க ஓடுவது அம்புறோஸ்.

தாய் தகப்பன் இல்லாத வீடு அது. அலுமாரி முழுக்கத் தொப்பி. அம்புறோஸின் சேட்டு ஆணியில். தொப்பிக்குக் கற்பூரம், தம்பிக்கு ஏச்சு. வெயில் ஏற ஏற அண்ணை தொப்பிகளை நிழலுக்கு மாற்றும் பக்குவத்தைப் பார்த்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அந்தப் பதினேழு வயதுக்காரன் தானும் ஒரு தொப்பியாகப் பிறந்திருக்கலாம் என்று யோசித்ததுண்டு. யோசித்த கையோடு ஒரு தொப்பிக்குள் நண்டு விட்டதும் உண்டு.

அறுபத்திரண்டாம் ஆண்டுத் தவசு காலத்தில் பொறாமை முற்றிவிட்டது. பெரிய வெள்ளியையொட்டிக் கோயிலடியில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ் கூத்து ஆடுவார்கள். வேடத்தின் தலைக்கு வேண்டியதைக் கொடுப்பவனே அதைப் போட்டு ஆடுவது யார் என்பதையும் சொல்வான் என்பது அவ்விடத்து வழக்கம். துரையின் நெட்டித் தொப்பிக்கு வெள்ளித்தாள் ஒட்டினால் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் தயார். அந்த வேடத்தின் பாட்டு முழுவதையும் அம்புறோஸ் தனியே பாடம் பண்ணி வைத்திருந்தான்; வள்ளத்துத் தண்ணீரை இறைக்கும்போது கடலுக்குப் பாடிக் காட்டியும் இருந்தான். அண்ணையோ அடுத்த வீட்டுச் சவிரிமுத்துவின் பெயரைச் சொல்லிவிட்டார். சவிரிமுத்துவுக்கு உடம்பு பனை, குரல் வாத்து.

அண்ணையின் வாய்க்கு மதிப்பு இருக்கும்வரை ஒன்றும் மாறாது என்று அம்புறோஸ் முடிவுகட்டினான். கொழும்புக் கடையில் வேலைக்கு நிற்கிற சொந்தக்காரன் ஒருவன் விட்டுப்போன கம்பளித் தொப்பியை எடுத்துக் கருவாடு போடும் உப்புத்தண்ணீரில் ஊறவைத்தான், மணலில் புதைத்தான், கல்லால் தேய்த்தான். நாடிக்குக் கீழே மாட்ட ஒரு பழைய வார் தைத்தான். கொழும்புக் கடையின் பெயர் போட்ட துணித்துண்டை உள்ளே மறைத்துவிட்டு, கரைவலை இழுத்த காலையில் தொப்பியை வலையின் மடிக்குள் நழுவவிட்டான். அண்ணை ஒல்லாந்தர் காலத்துத் தொப்பி என்று ஒரு சொல் சொன்னால் போதும். துணித்துண்டை இழுத்துக் காட்டலாம். ஊரே சிரிக்கும். அதற்குப் பிறகு அவர் கைகாட்டும் தலையை யார் மதிக்கப்போகிறார்கள்?

மீனோடு தொப்பியும் கரையேறியது. வலைக்காரர் கூடினார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பஸ்ரியாம்பிள்ளையும் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

"ஒல்லாந்தன்ரை போலக் கிடக்கண்ணை," என்று அம்புறோஸ் எடுத்துக் கொடுத்தான். "கப்பித்தானாத்தான் இருக்கும்."

எமிலியானுஸ் அவசரப்படவில்லை. மோந்தார். நாடி வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கப்பித்தான்தான்," என்றார். அம்புறோஸ் துணித்துண்டை இழுக்கக் கை நீட்டினான். "ஆனா ஒல்லாந்தன் இல்லை. இடக்கைக்காரன். வலை கட்டித் திரிஞ்சவன்."

அண்ணாவியார் வாரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். தையலின் முடிவில் இருந்தது வலைக்கண்ணுக்குப் போடும் முடிச்சு; அதுவும் மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அந்தக் கரையில் இடக்கையால் வலை கட்டுகிறவன் ஒருவன்தான். நூலைக் கண்டால் அவன் விரல்கள் அவனைக் கேட்காமலே அந்த முடிச்சைப் போட்டுவிடும். அம்புறோஸ் தன் இடக்கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"இவனை எனக்கு முந்தியே தெரியும்," என்றார் எமிலியானுஸ், கடலுக்குச் சொல்வதுபோல. "துரைசாணியின்ரை தொப்பி கிழிஞ்சு கிடந்தது, மாரி மழைக்குள்ளை ஆரோ தைச்சிருக்கு. சுவாமியாரின்ரையிலும் இதே முடிச்சு. நான் வீட்டிலை இல்லாத நேரமாப் பாத்துத் தைச்சிருக்கு."

வலைக்காரர் சிரித்தார்கள். கள்ளத்தனம் பிடிபட்டதைவிட, ஒளித்துத் தைத்துக் கொடுத்தது வெளியானதுதான் அம்புறோஸுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

"அப்ப நெட்டித் தொப்பியை ஏன் சவிரிமுத்துவுக்குக் குடுத்தனீங்கள்?" குரல் அவனை மீறி வந்துவிட்டது.

"அவன் வந்து கேட்டவன்." எமிலியானுஸ் ஈரத் தொப்பியை உதறித் தம்பியின் தலையில் வைத்து அழுத்தினார். கருவாட்டுத் தண்ணீர் அவன் மூக்கில் வழிந்தது. "நீ கேட்டனியோடா?"